பதிமூன்றே முக்கால்

அந்தக் கட்டத்தில் காளியண்ணன் மணியை எழுதியிருக்க வேண்டும். நாழிகையை எழுதினார். எழுபது வயதுவரை அவர் செய்த பிழைகளில் இதைவிடச் சிறியது இல்லை.

குடும்ப மன்றம் என்று அவர்கள் அழைத்தது ஓர் இணையப் பலகை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மருமகள்களுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் கோபியிலும். மற்றவர்கள் மெல்போர்ன், துபாய், டல்லாஸ். காது குத்து, புதுமனை, பிள்ளைகளின் மதிப்பெண், எல்லாம் அங்கேதான் வரும். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற காளியண்ணன் அதன் மட்டுறுத்துநர். வேண்டாத பதிவை நீக்கும் உரிமை அவர் ஒருவருக்கு மட்டுமே உண்டு.

விதிகளையும் அவர்தான் எழுதினார். துக்கத்தையும் தலைகுனிவையும் பெயர் சொல்லி எழுதக் கூடாது. ‘செய்தி’ என்று மட்டும் எழுதிவிட்டு, விவரத்தைப் போனில் சொல்ல வேண்டும். நீக்கிய பதிவு அடியோடு போய்விட வேண்டும்; யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியக் கூடாது. நான்கு வருடம் முன்பு அவரே வற்புறுத்திச் செய்ய வைத்த ஏற்பாடு இது. பெரிய குடும்பம் என்பது பேசுகிற வாயால் நிற்பதில்லை, மூடுகிற வாயால்தான் நிற்கிறது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு மொத்தக் குடும்பமும் பழகியிருந்தது.

போன வாரம் மன்றத்தைப் புதிய கணினிக்கு மாற்றினார்கள். அன்று முதல் எல்லாப் பதிவிலும் லண்டன் நேரம் காட்டியது. காலை ஏழரைக்கு வைத்த கல்யாணச் சீர் பின்னிரவு இரண்டு மணி என்று கிடந்தது. நேரத்தைத் திருத்தப் போனால் அங்கே ஊர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. இந்தியாவுக்குக் கொல்கத்தா மட்டும். கோயம்புத்தூரில் இருக்கிறவன் எதற்குக் கொல்கத்தாவைத் தொட வேண்டும் என்று காளியண்ணன் கேட்டார். கடைசியில் லண்டனிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ளி என்பதை எண்ணாகவே எழுதிக்கொள்ள ஒரு கட்டத்தைத் திறந்து கொடுத்தார்கள்.

மன்றத்தில் நல்ல காரியத்துக்கு நேரம் போடும்போது நாழிகையில் போடுவது வழக்கம். குலதெய்வக் கோயில் பூசாரி சூரியன் எழுந்ததிலிருந்து நாழிகை எண்ணித்தான் குறித்துக் கொடுப்பார். ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி. அந்தப் பழக்கத்தில் காளியண்ணன் மனதுக்குள் பெருக்கி, 13.75 என்று எழுதிச் சேமித்தார்.

புதன்கிழமை காலை ஏழு நாற்பது. பக்கம் ஒருமுறை வெளுத்து மீண்டும் வந்தது. நேரங்கள் மாறியிருந்தன. அதோடு அவர் அதுவரை பார்க்காத பதிவுகள் மேலே வரிசையாக நின்றன.

மேலே இருந்த பதிவின் நேரம் பிற்பகல் 3.52.

கணினி குழம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தார்.

‘பெரியப்பா, கேட்டதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.’

‘மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் மாமா. அத்தையைத் தனியாக விட வேண்டாம்.’

‘உங்களுக்குப் போய் இப்படியா.’

‘விவரம் யாரும் இங்கே எழுத வேண்டாம். செய்தி தெரிந்தவர்கள் போனில் பேசிக்கொள்ளவும்.’

இப்படி முப்பதுக்கு மேல். அத்தனையும் அவருக்கு எழுதியவை. ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாம் தொடங்கிய இடத்தில், ஒரு சாம்பல் பட்டை இருந்தது: ‘பிற்பகல் 3.10. இப்பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது. நீக்கிய நேரம் 3.19.’

மட்டுறுத்துநர் அவர்தான். அவர் எதையும் நீக்கவில்லை.

இன்னும் கீழே, காலை 8.02 என்ற நேரத்தில், மெல்போர்னில் இருக்கும் பங்காளி மகன் ஒருவன் தன் சைக்கிள் திருட்டுப்போனதை எழுதியிருந்தான். பூட்டை மட்டும் விட்டுப்போயிருக்கிறான், நல்ல மனுசன் என்று முடித்திருந்தான். காளியண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டடிக்க ஐந்து நிமிடம்.

சமையலறையில் அவர் மனைவி மரகதம் சந்தகைக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போனை எடுத்து மன்றத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இவர் சமையலறையில் வந்து நின்று பார்த்தறியாத மரகதம் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றார். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் போன் மெல்லக் கூவியது. அவர் அதை அவளிடம் நீட்டி, படி என்றார்.

அவள் மாவுக் கையை விரித்துக்கொண்டு படித்தாள். சைக்கிள் போனது. பூட்டு இருந்தது. “பூட்டை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கறான், நல்ல மனுசனாமா,” என்று சிரித்தாள். சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பயம் என்பதைக் காளியண்ணன் பிறர் முகத்தில்தான் பார்த்திருக்கிறார். முதல்வர் அறையில் தன் மேசைக்கு எதிரே நின்றவர்கள் முகத்தில். இன்று அது அவரிடமே வந்திருந்தது.

மன்றத்தின் கணினி வேலையைப் பார்ப்பவள் தேன்மொழி. அவருடைய பங்காளித் தம்பி அர்த்தநாரியின் மருமகள், மெல்போர்னில் இருக்கிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அந்தக் கட்டத்துல என்ன போட்டீங்க மாமா?”

“பதிமூணே முக்கால்.”

“அது மணிங்க மாமா. நாழிகை இல்லீங்க.” அவள் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. “அப்படின்னா உங்களுக்கு எட்டே கால் மணி நேரம் முன்னாடி காட்டுது.”

“நேரம் தப்பாக் காட்டட்டும். நடக்காததை எப்படிக் காட்டும்?”

தேன்மொழி மெதுவாகச் சொன்னாள். “பழைய கணினியில பதிவெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி இருக்கும்ங்க. புதுசு அப்படி இல்லீங்க. அது மொத்தத்தையும் ஒரே கட்டா வெச்சிருக்குது. நேத்து, நாளைக்குங்கறது அதுக்குத் தெரியாது. படிக்கறவரோட நேரம் என்னன்னு கேக்கும். அந்த நேரம்வரைக்கும் இருக்கறதை எடுத்துக் குடுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. எங்க ஆபீசுல இதை ஒருத்தர் விளையாட்டாச் சொன்னாங்க, ஊருல இல்லாத நேரத்தைப் போட்டா என்ன ஆகும்னு. யாரும் போட்டுப் பாக்கலீங்க. பட்டியல்ல ஊர் பேரைத்தானே எல்லாரும் தொடுவாங்க.”

“அப்ப இது நடக்கப் போறது.”

“இப்ப இருக்கற இருப்புல நடக்கப் போறதுங்க. இருப்பு மாறுனா அதுவும் மாறும்னு நினைக்கறேன். எனக்கு உறுதியாத் தெரியாது மாமா. மூடிருங்க.”

நீக்கிய பதிவில் என்ன இருந்தது என்று அவளால் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். நீக்கினால் அடியோடு போக வேண்டும் என்று கேட்டு வாங்கியது மாமாதான் என்பதை அவள் குத்திக்காட்டவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் முன்னால் போக முடியும் என்று கேட்டார். பதினான்கு வரை, உலகத்தில் அதற்கு மேல் நேரம் கிடையாது. இன்னும் கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

14 என்று போட்டார். புதிதாக ஒரே ஒரு பதிவுதான் வந்தது. எழுதியவன் அர்த்தநாரி. ‘ஆறு மணிக்குச் சொன்னபடியே நடக்கும். யாரும் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லோரும் வந்துவிடுங்கள்.’

அன்று மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரியின் மகள் பவதாரணிக்கு நிச்சயம். உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டு நாள் குறிக்கப் போகிறார்கள். மாப்பிள்ளை கோபிப் பக்கத்துப் பெரிய வீடு, நந்தகோபால். காளியண்ணனின் மகள் கோகிலவாணியை முதலில் கட்டியவன் அவன்தான். நான்கு வருடம் முன்பு இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்று விலகிக்கொண்டார்கள். அறுந்துபோன சம்பந்தம் மறுபடி அதே குடும்பத்தில் ஒட்டுகிறது என்பதில் ஊருக்கு முன்னால் காளியண்ணனுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. முன்னின்று பேசி முடித்தவரும் அவர்தான்.

ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெங்களூரில் மகன் அலுவலகத்தில் இருந்தான். இன்று வண்டியைத் தொடாதே என்று சொன்னதற்கு, நான் மெட்ரோவில்தான் வருகிறேன் அப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். இருதயச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த சித்தப்பா மகன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். துபாயில் எல்லோரும் சுகம். டல்லாஸில் எழுப்பித் திட்டு வாங்கினார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. எதைச் சொல்வது. பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நேரம் போகப் போக ஆறுதல் பதிவுகள் கூடிக்கொண்டே இருந்தன. ஒருவராவது வாய் தவறி ஒரு பெயரை எழுதிவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினார். ஒருவரும் எழுதவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்.

பத்தரை மணிக்கு அது அவருக்கு உறைத்தது.

அர்த்தநாரி நிச்சயம் நடக்கும் என்று எழுதியிருக்கிறான். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எல்லோருக்கும் தீட்டு. அன்றைக்கு யாரும் உப்பும் சர்க்கரையும் மாற்ற மாட்டார்கள். அப்படியானால் போவது பங்காளி இல்லை. பங்காளிக்குப் பிறந்த மகன் இல்லை, பங்காளி கட்டிக்கொண்டு வந்த பெண் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் அவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். மரகதத்தைத் தனியாக விட வேண்டாம் என்கிறார்கள்.

கட்டிக்கொடுத்துவிட்ட பெண் போனால் மட்டும் பங்காளிகளுக்குத் தீட்டு ஒட்டாது. அவள் விலகி வந்தவளாக இருந்தாலும் சரி. தாலி ஏறிய அன்றே அவள் இந்தக் குலத்துக்கு வெளியே போய்விட்டவள். இது அவர் எழுதிய விதி இல்லை. அவருக்கு முன்னால் இருந்தே இருப்பது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று நாள்.

காளியண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோகிலவாணி ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நான்கு வருடமாக அவரும் அவளும் பேசவில்லை. மன்றத்தில் அவள் பெயரை அன்றே தடை செய்திருந்தார். அவளுடைய எண் அவர் போனில் இல்லை. கூடத்துக்கு வந்து மரகதத்திடம், “கோகிலா நம்பரைக் குடு,” என்றார்.

மரகதம் கேள்வி கேட்காமல் எண்ணைச் சொன்னாள். மனப்பாடமாகச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஒன்பது முறை.

“வகுப்புல இருப்பா,” என்றாள் மரகதம். “போனை மேசைக்குள்ள வெச்சுப் பூட்டிருவா. பன்னண்டு மணிக்குத்தான் எடுப்பா. ஏனுங்க, என்னாச்சு?”

அப்போதுதான் அவளைக் கணினிக்கு முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினார். தேன்மொழி சொன்னதைச் சொன்னார். மரகதம் சாம்பல் பட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

“மூணு பத்துக்கு யாரோ சேதி எழுதறாங்க. நீங்க அழிக்கறீங்க,” என்றாள். “அழிக்காம இருங்களேன். என்னன்னு தெரிஞ்சுருமில்ல?”

அவ்வளவு எளிய வழி அவருக்குத் தோன்றவே இல்லை. சரி, அழிக்க மாட்டேன் என்று மனதில் முடிவு செய்து பக்கத்தைப் புதுப்பித்தார். நீக்கப்பட்டது என்றே இருந்தது. வாய்விட்டுச் சொன்னார். நீக்கப்பட்டது. குலதெய்வப் படத்துக்கு முன்னால் போய் நின்று, அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்து தொட்டார்.

நீக்கப்பட்டது. 3.19.

அவர் சொல்லை அதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இந்தப் பெட்டி சந்தேகப்படவும் இல்லை. அதற்குத் தெரிந்திருந்தது. சாவுச் செய்தியானாலும், பெற்ற மகளின் செய்தியானாலும், மூன்று பத்தொன்பதுக்கு இந்தக் கை போய் அழிக்கும் என்று தெரிந்திருந்தது. தன் வலது கையைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

மறுபடி தேன்மொழியைக் கூப்பிட்டார். “என்ற உரிமையை எடுத்துரு. நீக்கற உரிமை எனக்கு இருக்கக் கூடாது.”

“நிசமாவுங்களா மாமா?”

“இப்பவே எடு.”

அரை நிமிடம் ஆனது. எடுத்துவிட்டேன், இப்போது யாருக்கும் இல்லை என்றாள். காளியண்ணன் தொட்டார். சாம்பல் பட்டை போய்விட்டது. அந்த இடத்தில் எழுத்து இருந்தது. மரகதம் தன் கண்ணாடியைத் தேடிப் போகாமல் அவர் தோளைப் பற்றிக்கொண்டு, படியுங்கள் என்றாள். அவர் படித்தார்.

‘எல்லோருக்கும். என் பெயரில் உள்ளே வர முடியாததால் வேறு பெயரில் வந்திருக்கிறேன். நான் கோகிலவாணி. இன்று மாலை பவதாரணியை நந்தகோபாலுக்கு நிச்சயம் செய்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவனை விட்டு வந்தது ஒத்துவராததால் இல்லை. என் இடது கையைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை அடைத்தான். இரண்டு முறை. நான்கு வருடம் முன்பு இதையே இங்கு எழுதினேன். பதினொரு நிமிடம் இருந்தது. அதன் பிறகு நான் மாடிப்படியில் விழுந்தேன் என்றும், கோபத்தில் பொய் எழுதினேன் என்றும் அப்பா எழுதினார். இந்த முறை எத்தனை நிமிடம் இருக்கும் என்று தெரியாது. பவதாரணி, நீ ஒருத்தி படித்தால் போதும்.’

உயிரோடு இருக்கிறாள். மூன்று பத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறாள். காளியண்ணனுக்கு மூச்சு திரும்பி வந்தது. சாவே இல்லை. அத்தனை பேரும் எழுதிய ஆறுதல் அவருடைய மானத்துக்கு. மகள் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்ததற்கு இழவு கேட்டிருக்கிறார்கள்.

“கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தது நாந்தானுங்களே,” என்றாள் மரகதம்.

பயம் இறங்கிய இடத்தில் பழைய காளியண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். உண்மையாகவே இருக்கட்டும். அதை இருநூறு பேர் படிக்கிற இடத்தில் எழுத வேண்டுமா. அப்பா பொய் எழுதினார் என்று எழுத வேண்டுமா. மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் மாலையில் அவர் எந்த முகத்தோடு போய் முன்வரிசையில் உட்காருவது. நிச்சயம் நல்லபடியாக முடியட்டும். அர்த்தநாரியிடம் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். பையனுக்கும் இப்போது வயது ஏறியிருக்கிறது, நிதானம் வந்திருக்கும். இவ்வளவும் அவர் மனதில் ஓடியது ஒரு நிமிடம்கூட இருக்காது. கை தன்பாட்டுக்குப் போய்ப் பக்கத்தைப் புதுப்பித்தது.

இப்பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது.

மரகதம் பார்த்துவிட்டாள். “மறுபடி போச்சுங்களே. உரிமையைத் திருப்பிக் குடுன்னு தேன்மொழிகிட்டக் கேட்டீங்களா?”

“இன்னும் கேக்கலை,” என்றார் காளியண்ணன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. காலையிலிருந்து நடுங்கியது ஒன்றும் நடுக்கமே இல்லை என்று தோன்றியது. அப்போது யாரோ சாகப்போகிறார்கள் என்று பயந்தார். இப்போது அவர் பயந்தது மூன்று பத்தொன்பதுக்கு இந்த நாற்காலியில் உட்காரப்போகிற கிழவனைப் பார்த்து. அவனுக்கு நல்ல காரணங்கள் இருக்கும். பக்குவமான காரணங்கள். பவதாரணியின் கையைக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் வைத்துவிட்டு, முன்வரிசையில் நிமிர்ந்து உட்காருவான். அவன் வந்து சேருவதற்குள் செய்தால்தான் உண்டு.

அர்த்தநாரியைக் கூப்பிட்டார். பின்னால் பந்தல்காரர்கள் பேசுகிற சத்தம் கேட்டது. அண்ணா, சாப்பிட்டாச்சுங்களா, எத்தனை மணிக்குப் புறப்படறீங்க என்று அவன் உற்சாகமாகத் தொடங்கினான்.

“அர்த்தநாரி, அவங்களை வர வேண்டாம்னு சொல்லிரு.”

“ஆரைங்கண்ணா?”

“மாப்பிள்ளை வீட்டை. கோகிலா கையை ஒடிச்சது அந்தப் பையன்தான். அவ மாடிப்படியில விழுந்தாள்னு நான் எழுதினது பொய்.”

பந்தல்காரர்களின் சத்தம் விலகியது. அர்த்தநாரி எங்கோ தனியாக நடந்து போயிருக்க வேண்டும்.

“போன மாசம் உங்க வீட்டுக்கே வந்து கேட்டனுங்களே அண்ணா,” என்றான். “பையன்மேல தப்பு ஏதாச்சும் உண்டான்னு கையைப் பிடிச்சுக் கேட்டனுங்களே.”

“கேட்டே.”

“ஒத்துவரலை, அவ்வளவுதான்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

அதன்பிறகு அர்த்தநாரியின் பேச்சில் மரியாதை இல்லை. ஐம்பது வருடத்தில் முதல் முறை. “என்ற பொண்ணு உனக்கு என்னடா பண்ணுனா,” என்றான். போனை வைத்துவிட்டான்.

மணி பதினொன்று ஐம்பது. காளியண்ணன் பலகையைப் பார்த்தார். பதினொன்று ஐம்பதுக்குப் பிறகு அங்கே எதுவும் இல்லை. ஆறுதல் பதிவுகள் முப்பதும் இல்லை. ஆறு மணிக்கு வந்துவிடுங்கள் என்பது இல்லை. சாம்பல் பட்டை இல்லை, கோகிலாவின் எழுத்தும் இல்லை. இரவு எட்டு இருபது வரைக்கும் வெறும் வெள்ளை. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மணி நேரம்கூட அப்படிக் கிடந்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குப் போன் அடித்தது. ஓசூர் எண்.

“அம்மாவுக்கு என்னாச்சு?” என்றாள் கோகிலவாணி.

அப்பா என்றுகூட அழைக்கவில்லை. குரல் உடைந்திருந்தது, பின்னால் பிள்ளைகள் ஓடுகிற இரைச்சல். நான்கு வருடம் வாய் திறக்காதவர் எண்ணிலிருந்து ஒன்பது அழைப்பு வந்தால் அவள் வேறு என்ன நினைப்பாள்.

“அம்மா நல்லா இருக்கறா. இங்கதான் நிக்கறா. யாருக்கும் ஒண்ணும் ஆகலை அம்மிணி.”

பிறகு எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். பவதாரணியை நந்தகோபாலுக்கு நிச்சயம் செய்ய இருந்ததையும், சற்று முன்புதான் அர்த்தநாரியிடம் உண்மையைச் சொன்னதையும் சொன்னார். அவளுக்கு அது அதுவரை தெரியாது. மூன்று மணிக்குத்தான் தெரிய இருந்தது. நன்றி என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ.

“சித்தப்பா ஒருத்தர்கிட்டத்தான் சொன்னீங்களா?” என்றாள்.

“ஆமா.”

“நான் பொய் சொல்றவள்னு நீங்க எழுதினது எல்லாரும் படிக்கற இடத்துல அப்பா.”

மரகதம் கணினிக்கு முன்னால் கிடந்த நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள். காளியண்ணன் போனை மேசைமேல் வைத்து, கோகிலாவின் குரல் வெளியே கேட்கும்படி செய்துவிட்டு உட்கார்ந்தார். புதிய பதிவு என்பதைத் திறந்தார். இருநூறு பேருக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்த கை எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டியது. இரண்டு முறை தப்பாக அடித்து இரண்டு முறை திருத்தினார். எழுதி முடித்தும் பொத்தானை அழுத்தவில்லை.

ஒரு பயம் வந்தது. பக்கத்தில் இன்னும் வெள்ளைதான் இருக்கும். இந்தக் கிழவன் கடைசி நொடியில் அழுத்த மாட்டான் என்று அது முன்பே எழுதி வைத்திருக்கும். பார்க்காமல் இருக்க முடியவில்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து பலகையைப் புதுப்பித்தார்.

அவர் பதிவு அங்கே இருந்தது. பிற்பகல் 12.21. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபது.

‘என் மகள் கோகிலவாணி நான்கு வருடம் முன்பு இங்கு எழுதியது உண்மை. அதை அழித்தவன் நான். பொய் என்று எழுதியவனும் நான். காளியண்ணன்.’

இரவு எட்டு ஐம்பது வரைக்கும் அது அப்படியே நின்றது. யாரும் அதை நீக்கவில்லை. அதன் கீழே ஒருவர்கூட ஒரு சொல்லும் எழுதவில்லை.

“அம்மிணி,” என்றார். “இருக்கறயா?”

“இருக்கறேன்,” என்றது போன்.

காளியண்ணன் அழுத்தினார்.